கிரீன் டீயும் இரத்தக் குழாய்களும்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

உயர் இரத்த அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கிரீன் டீயில் உள்ள சில பொருள்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் இயல்புடையவை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். மாத்திரை, உப்பு, நடைப்பயிற்சி என்று பக்கம் பக்கமாக எழுதியதை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பெரும்பாலான வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 56. ஆறு ஆண்டுகளாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். கிரீன் டீ குடித்தால் இரத்தக் குழாய் விரியும் என்று என் மகன் சொல்லி, ஒரு பெட்டி வாங்கியும் வந்துவிட்டான். வெறும் இலைச் சாறு குழாயை எப்படி விரிக்கும்? இதற்கு ஆதாரம் உண்டா, டாக்டர்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தங்கள் மகன் சொன்னது உண்மை. அந்த விரிவு எவ்வளவு, எத்தனை நேரம் நீடிக்கும் என்று கேட்டால்தான் பதில் சற்று நீளும்.

தமனி என்பது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் போன்றதன்று. அதன் சுவரில் வட்டமாக மென்தசை சுற்றியிருக்கிறது. அந்தத் தசை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். சுவரின் உட்புறத்தில், இரத்தம் உரசிச் செல்லும் பக்கத்தில், ஒரே ஒரு செல் தடிமனே உள்ள எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. நீண்ட காலம் இது வெறும் உள்பூச்சு என்றுதான் கருதப்பட்டது. அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து 1980இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டபோது, உட்படலம் சிதையாமல் இருந்த துண்டுகள் தளர்ந்தன. படலம் தேய்க்கப்பட்டிருந்த துண்டுகள் தளரவில்லை. அப்படியானால் தளர்வதற்கான கட்டளை அந்தப் படலத்திலிருந்துதான் தசைக்குப் போகிறது. அந்தக் கட்டளையைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு மூலக்கூறு என்பது 1987இல் நிறுவப்பட்டது. இந்தத் தொடர் கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் உடலுக்குள் இதே வாயுவைத் தந்துதான் வேலை செய்கிறது.

படலச் செல்லுக்குள் ஒரு நொதி உண்டு. அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைப் பிரித்தெடுக்கிறது. சில நொடிகளே உயிர்வாழும் அந்த வாயு பக்கத்திலுள்ள தசைச் செல்லுக்குள் ஊடுருவி, அங்கே சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற தூதுப் பொருளை உண்டாக்குகிறது. அதன் விளைவாகத் தசைச் செல்லில் கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் தசை இறுக முடியாது.

கிரீன் டீ இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில்தான் வந்து சேர்கிறது. தேயிலையில் கேட்டகின்கள் என்ற பொருள்கள் நிறைய உள்ளன. கிரீன் டீயில் அவற்றுள் மிகுதியாக இருப்பது எபிகேலோகேட்டகின் கேலேட். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஈ.ஜி.சி.ஜி. என்பார்கள். எண்டோதீலியச் செல்களில் இந்தப் பொருள் பட்டவுடன் ஏ.கே.டி. என்ற புரதம் தூண்டப்பட்டு, அது மேலே சொன்ன நொதியோடு ஒரு பாஸ்பேட்டை இணைத்து அதை முடுக்கிவிடுகிறது என்று பெர்லின் நகரத்து ஆய்வுக் குழு ஒன்று 2004இல் காட்டியது. நொதி முடுக்கப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக உண்டாகிறது. இன்னொரு வழியும் பின்னர் தெரியவந்தது. தசைச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் சில உள்ளன. தேநீரில் உள்ள இரண்டு கேட்டகின்கள் அவற்றுள் ஒரு வகையைத் திறக்கச் செய்கின்றன என்று, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பொட்டாசியம் வெளியேறினால் செல்லின் கிளர்ச்சி தணிந்து, தசை தளர்கிறது.

இவையெல்லாம் செல்களிலும் தமனித் துண்டுகளிலும் பார்த்தவை. ஆய்வுக்கூடத் தட்டில் ஊற்றும் ஈ.ஜி.சி.ஜி.யின் செறிவு, சில கோப்பைத் தேநீர் குடித்தவரின் இரத்தத்தில் காணப்படும் செறிவைப்போலப் பல நேரங்களில் பத்து மடங்கு, சில நேரங்களில் நூறு மடங்குகூட இருக்கும். குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சிறிய பங்குதான். போதாக்குறைக்கு, செல்களை வளர்க்கும் திரவத்தில் ஈ.ஜி.சி.ஜி. தானே சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதால், தட்டில் நாம் பார்க்கும் விளைவில் தேயிலையின் பங்கு எது, பெராக்சைடின் பங்கு எது என்று பிரித்தறிவதும் கடினமாகிறது. ஆகவே தட்டில் நடந்ததை மட்டும் காட்டி யாராவது தங்களுக்கு எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மனிதரிடத்தில் சோதிக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, இரத்த ஓட்டம் நிற்கும்படி ஐந்து நிமிடம் இறுக்கி வைத்து, பிறகு சட்டென்று விடுவிப்பார்கள். தேங்கிய இரத்தம் வேகமாகப் பாயும்போது அந்த உரசலை உணர்ந்து எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், கைத்தமனி விரியும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளந்தால் அந்தப் படலத்தின் ஆரோக்கியம் ஓரளவு தெரிந்துவிடும். ஏதென்ஸ் நகரில் ஆரோக்கியமான 14 பேருக்கு 6 கிராம் இலையில் தயாரித்த கிரீன் டீ கொடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், விரிவு கூடியது; 30ஆவது நிமிடத்தில் அது உச்சத்தில் இருந்தது. அதே அளவு காஃபீனை மட்டும் கொடுத்தபோதோ வெந்நீரை மட்டும் கொடுத்தபோதோ அப்படி நேரவில்லை.

என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது 2007இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு; ஏனென்றால் அதில் பங்கேற்ற 42 பேரும் இதயத் தமனி நோயாளிகள். 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. கொடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர்களுடைய தமனி விரிவு 7.1 சதவீதத்திலிருந்து 8.6 சதவீதமாக உயர்ந்தது. பிறகு இரண்டு வாரம் நாள்தோறும் அதையே கொடுத்து, கடைசி வேளைக்கு 14 மணி நேரம் கழித்து அளந்தபோது, விரிவு பழைய நிலையிலேயே இருந்தது. பொருள் இரத்தத்தில் இருக்கும்வரை பயன் உண்டு, அது வெளியேறியதும் பயனும் போய்விடுகிறது என்பதுதான் இதற்கு நான் கொள்ளும் பொருள். இன்று குடித்தது நாளைக்குச் சேமிப்பில் நிற்காது.

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். நாங்கள் பறித்துக் கொடுக்கும் பசுந்தேயிலைதான் தொழிற்சாலையில் சாதாரண டீத்தூளாக வருகிறது. அப்படியென்றால் சாதாரண டீயிலும் அந்தச் சத்து இருக்க வேண்டுமே? கிரீன் டீக்கு மட்டும் ஏன் இந்தப் பெருமை? (நீலகிரி மாவட்ட வாசகி)

பதில்: அம்மா, இலையைக் கையால் பறிப்பவர் கேட்கும் கேள்வியாகவே இது இருக்கிறது. செடி ஒன்றுதான். பறித்த பிறகு இலைக்கு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டீத்தூளுக்கு இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப் பட விடுவார்கள். நசுங்கிய இலையிலிருந்து வெளிப்படும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கேட்டகின்களைச் சேர்த்து தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற புதிய பொருள்களாக மாற்றிவிடும். டீயின் செந்நிறமும் கடுப்பும் அவற்றிலிருந்து வருபவை. இந்த நிலையைத் தொழிற்சாலையில் புளிக்க வைத்தல் என்று சொன்னாலும் அங்கே நடப்பது ஆக்சிஜனேற்றம்தான். கிரீன் டீக்கோ, பறித்த இலையை உடனே சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். சீனாவில் இரும்புச் சட்டியில் வறுப்பதும், ஜப்பானில் ஆவியில் அவிப்பதும் வழக்கம். இதனால் கேட்டகின்கள் மாறாமல் தங்கிவிடுகின்றன.

கேட்டகின் குறைந்துவிட்டதால் டீத்தூளுக்குப் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முன்னே சொன்ன பெர்லின் குழுவே 2008இல் மாதவிடாய் நின்ற ஆரோக்கியமான பெண்களிடம் இரண்டு வகைத் தேநீரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கைத்தமனி விரிவில் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. அதற்கு முன்பே, 2001இல், பாஸ்டனில் இதயத் தமனி நோயாளிகளுக்கு நான்கு வாரம் நாளொன்றுக்கு 900 மில்லி கட்டன் தேநீர் கொடுத்து விரிவு மேம்பட்டதைக் காட்டியிருக்கிறார்கள். எனவே தாங்கள் விளைவிக்கும் இலை எந்த வடிவில் கோப்பைக்கு வந்தாலும், பால் கலக்காத வரையில், குழாய்க்கு ஏறத்தாழ ஒரே பயனைத் தருகிறது என்றுதான் இன்றுள்ள சான்றுகளை வைத்து நான் சொல்வேன். கிரீன் டீக்கு வந்த பெருமையில் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கேள்வி: பால் கலந்தால் டீயின் பலன் போய்விடும் என்கிறார்கள். பாலில்லாத டீ எனக்குக் குடிக்க முடியாது. (மதுரை வாசகர்)

பதில்: இது முடிவு காணப்படாத கேள்வி. பெர்லினில் 2007இல் 16 பெண்களுக்கு அரை லிட்டர் கட்டன் தேநீர் கொடுத்தபோது தமனி விரிவு கூடியது. அதிலேயே பத்தில் ஒரு பங்கு ஆடை நீக்கிய பால் கலந்து கொடுத்தபோது அந்தக் கூடுதல் முற்றிலும் மறைந்துபோனது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேட்டகின்களைப் பற்றிக்கொள்வதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். ஆனால் 1998இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில், பால் கலந்தாலும் கலக்காவிட்டாலும் இரத்தத்துக்கு வந்துசேரும் கேட்டகின் அளவில் மாற்றமில்லை. இர்வைன் ஆய்வாளர்களும், செல்களின்மீது நேரடியாகப் பால் கலந்த தேநீரை விட்டபோது பயன் மறைந்ததைக் கண்டும், வயிற்றுக்குள் போனபின் கேட்டகினும் புரதமும் பிரிந்துவிடும் என்றே கருதினார்கள்.

நம் ஊர்க் கடை டீயை எண்ணிப் பாருங்கள். அதில் பால் பத்தில் ஒரு பங்கா இருக்கிறது? பெரும்பாலும் பாதிக்கு மேல் பால்; அதோடு இரண்டு கரண்டி சர்க்கரை. அப்படிப்பட்ட டீயை இந்த ஆய்வுகள் எதுவும் சோதிக்கவில்லை; அதற்கு அவற்றின் முடிவுகளைப் பொருத்திப் பார்க்கவும் முடியாது. தங்களுக்குப் பால் டீதான் பிடிக்கும் என்றால், காலையில் ஒரு கோப்பையைச் சுவைக்காகக் குடியுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள். தமனிக்காகக் குடிக்க விரும்பினால், மாலையில் ஒரு கோப்பையை மட்டும் பாலின்றி எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் குடித்துப் பாருங்கள். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, செரிமானப் பாதையின் காரத்தன்மையில் கேட்டகின்கள் சிதைவதைக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் ஆய்வுக்கூடத்தில் அமைத்த செயற்கைச் செரிமான முறையில் 2007இல் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: கிரீன் டீ தொடர்ந்து குடித்தால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (நான்கு வாசகர்கள்)

பதில்: நிறுத்தக் கூடாது. கிரீன் டீ பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மேல் அளவான சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாகச் சுமார் 2 மி.மீ. குறைகிறது. மாத்திரையால் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. 160 இருப்பவருக்கு 158 ஆனால் பக்கவாத ஆபத்து நீங்கிவிடாது. மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் செயலிழந்து வந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களுள் சிலர் நிறுத்தியதற்குக் காரணம் இதுபோன்ற ஒரு பானத்தின்மீது வைத்த நம்பிக்கை. அதனால்தான் இந்தப் பதிலில் எந்தத் தளர்வும் இல்லை.

ஜப்பானில் மியாகி மாநிலத்தின் ஓசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 40,530 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நாளொன்றுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட, இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்ந்த மரணம் ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 31 சதவீதமும் குறைவாக இருந்தது. இது நல்ல செய்தி. ஆயினும் அவர்கள் குடித்தது ஆண்டாண்டுக் காலப் பழக்கமாக. அவர்களுடைய உணவும் வாழ்க்கை முறையும் வேறு. கவனித்துப் பார்த்த ஆய்வு என்பதால், காரணம் தேநீர் மட்டும்தான் என்று அதிலிருந்து நிறுவ முடியாது. மருந்துக்குப் பதிலாகத் தேநீர் குடித்தவர்களைப் பற்றியதும் அன்று அந்த ஆய்வு.

மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதிலும் கவனம் வேண்டும். நாடோலால் என்ற பி.பி. மருந்தை வைத்து ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகம் 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பத்துப் பேர் 14 நாள்கள் தினமும் 700 மில்லி கிரீன் டீ குடித்தபின் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள். இரத்தத்துக்கு வந்த மருந்தின் அளவு சுமார் 85 சதவீதம் குறைந்துபோனது. குடலில் அந்த மருந்தை ஏற்றிச் செல்லும் புரதத்தைக் கேட்டகின்கள் தடுப்பதே காரணமாகக் கருதப்படுகிறது. எல்லா பி.பி. மருந்துகளுக்கும் இப்படி நேராது. என்றாலும் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். தாங்கள் கிரீன் டீ குடிக்கும் விவரத்தைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். லிட்டர் கணக்கில் கிரீன் டீ குடித்தால் அந்த மருந்தின் செயல் குறைந்துவிடக்கூடும்.

கேள்வி: நாள் முழுக்கக் குடிக்க நேரமில்லை. கிரீன் டீ சாரம் அடங்கிய கேப்சூல் ஆன்லைனில் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா? ஜிம்மில் பலரும் சாப்பிடுகிறார்கள். (சென்னை வாசகர், வயது 27)

பதில்: வேண்டாம் என்பதே என் அறிவுரை. இரண்டு கிராம் இலையில் தயாரித்த ஒரு கோப்பையில் ஈ.ஜி.சி.ஜி. ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். அதையும் நீரோடு மெல்லப் பருகுகிறோம். கேப்சூலிலோ பல கோப்பைகளின் சாரம் ஒரே விழுங்கலில் இறங்குகிறது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடிவிடும். உடல் எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சான்றுகளைப் பரிசீலித்து, கேப்சூல், மாத்திரை போன்ற வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. எடுத்துக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்கின்றன என்று எச்சரித்தது. மிக அரிதாகச் சிலருக்குக் குறைந்த அளவிலும் கல்லீரல் கெட்டிருக்கிறது. கண்களில் மஞ்சள் நிறம், சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, காரணமில்லாத குமட்டல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தங்கள் ஜிம் நண்பர்களை உடனே கேப்சூலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு போர்டெசோமிப் என்ற ஊசி போட்டுக்கொள்பவர்கள் இந்தக் கேப்சூல்களைத் தொடவே கூடாது, ஈ.ஜி.சி.ஜி. அந்த மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலற்றதாக்கிவிடக்கூடும் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: கிரீன் டீயைக் கொதிக்கும் நீரில் போடக் கூடாது, சத்து அழிந்துவிடும் என்கிறார்களே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: சுமார் 80 டிகிரி நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைக்கச் சொல்வது பெரும்பாலும் சுவைக்காக. நீர் சூடாக இருந்தால், ஊறும் நேரமும் கூடினால், கேட்டகின்கள் அதிகமாகவே இறங்கும். கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். கசக்கிறதே என்று சர்க்கரை போட்டுக் குடிப்பதைவிட, கொதி அடங்கிய நீரில் இளசாகப் போட்டுக் குடிப்பது மேல். நாக்கு சுடும் அளவுக்கு மட்டும் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழி வகுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஹீமோகுளோபின் 9தான் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். எடை குறைய வேண்டும் என்று மூன்று வேளையும் சாப்பாட்டோடு கிரீன் டீ குடிக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை. (ஈரோடு வாசகி)

பதில்: இதை மகளிடமே படிக்கக் கொடுங்கள். கேட்டகின்களும் அவற்றைப் போன்ற பிற பொருள்களும் கீரையிலும் தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரில்தான் இந்தத் தடை மிகுதி. மகளே, உன் வயதில் தமனிகள் பெரும்பாலும் நன்றாகவே விரியும். உனக்கு இப்போது குறைவது இரத்தம். ஹீமோகுளோபின் 12ஐத் தொடும்வரை கிரீன் டீயை நிறுத்திவை. அதற்குப் பிறகும் குடிக்க விருப்பம் இருந்தால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் விடு. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு சாப்பிடு. மூன்று மாதம் கழித்து ஒருமுறை இரத்தம் பார்த்து, முடிவை எனக்கு எழுது.